ஆறு மாத அப்பா

ஏப்ரல் பிறந்து வடக்கு வெர்ஜீனியாவில் மரங்கள் துளிர்விட்டால், ஆஷ்பர்ன் பக்கத்து டிரெயிலில் மங்கி கேப்புகள் தென்பட ஆரம்பிக்கும். கேப்புக்குக் கீழே கையில்லாத ஸ்வெட்டர், அதற்குக் கீழே இஸ்திரி போட்ட பேன்ட், அதற்கும் கீழே மகன் வாங்கிக் கொடுத்த கிளிப்பச்சை ஷூ. கைகள் முதுகுக்குப் பின்னால் கட்டியிருக்கும். நடையைப் பார்த்தாலே தெரிந்துவிடும், இது உடம்புக்காக நடக்கிற நடை அல்ல, இன்ஸ்பெக்‌ஷன்.

இவர்தான் ஆறு மாத அப்பா. விமான நிலையத்தில் ஆறு மாதம் தங்கலாம் என்று சொல்லி உள்ளே விட்டார்கள். அந்த ஆறு மாதமும் என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை. நடந்து போய்ப் பால் வாங்க முடியாது, கடைக்குக் கார் வேண்டும். கரண்ட் பில் கட்ட வரிசை இல்லை, மகன் போனிலேயே கட்டிவிடுகிறான். பேரனை மஞ்சள் பஸ் வந்து அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. முப்பது வருஷம் ஓர் ஆபீஸையே ஆட்டிவைத்தவர், பாத்திரம் கழுவும் மெஷினில் தட்டை எந்தப் பக்கம் பார்த்து வைப்பது என்று மருமகளிடம் பாடம் கேட்டுக்கொண்டிருக்கிறார். எத்தனை நாள்தான் பொறுப்பார்? வீட்டுக்குப் பின்னால் போகிற டிரெயிலைக் கண்டுபிடித்து, அதற்குத் தானே அதிகாரியாகப் பொறுப்பேற்றுக்கொண்டுவிடுகிறார்.

சின்ன ஜூரிஸ்டிக்‌ஷன் என்று சொல்ல முடியாது. வாஷிங்டன் அண்டு ஓல்டு டொமினியன் என்று பெயர். தலைநகரை ஒட்டிய ஆர்லிங்டனில் புறப்பட்டு வியன்னா, ஹெர்ன்டன், லீஸ்பர்க் என்று ஊர் ஊராகத் தொட்டுக்கொண்டு பர்சல்வில் வரை 45 மைல், நம் கணக்கில் 72 கிலோமீட்டர், தார் போட்ட பாதை. காரும் மோட்டார் சைக்கிளும் உள்ளே வரக்கூடாது. சைக்கிள், நடை, ஓட்டம், தள்ளுவண்டியில் குழந்தை, நெடுந்தூரத்துக்குக் கூடவே வரும் மண்தடத்தில் குதிரை. சைக்கிள் நடப்பவருக்கு வழிவிட வேண்டும், இருவரும் குதிரைக்கு வழிவிட வேண்டும். இதையெல்லாம் அப்பா ஒப்புக்கொள்கிறார். டிக்கெட் இல்லை என்பதைத்தான் அவரால் ஜீரணிக்க முடியவில்லை. “டிக்கெட் கிடையாதா? அப்ப மெயின்டனன்ஸுக்கு யார்ப்பா குடுக்கிறது?”

ஆறு மாத அப்பாக்களில் உட்பிரிவுகள் உண்டு. பாங்க் அப்பா எதிரே வருகிற சைக்கிளின் விலையை விசாரித்து, ரூபாயில் பெருக்கி, அன்றைய தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வார். ஹெட்மாஸ்டர் அப்பா முன்பின் தெரியாதவர்கள் சொல்கிற குட்மார்னிங் ஒவ்வொன்றுக்கும் நின்று பதில் சொல்வதால், அரை மைல் போய்வர ஒரு மணி நேரம் ஆகும். ஆனால் டிரெயில் யாருக்குச் சொந்தம் என்று கேட்டால், என் தீர்ப்பு ரயில்வே அப்பாவுக்குத்தான்.

அவர் வந்த மறுநாளே காலால் தரையைத் தட்டிப் பார்த்துச் சொல்லிவிடுவார்: “இது ரோடு இல்ல. லைன்.” ஏற்றம் தெரியாமல் ஏறுகிறது, வளைவு தெரியாமல் வளைகிறது, மேட்டை வெட்டியிருக்கிறான், பள்ளத்தில் மண் கொட்டியிருக்கிறான். பத்து வருஷமாக அங்கே சைக்கிள் ஓட்டும் மகனுக்கு இது செய்தி. போனில் தேடிப் பார்த்தால் அப்பா சொன்னது அச்சு அசல் உண்மை. 1860-இல் லீஸ்பர்க் வரை ரயில் ஓடியிருக்கிறது, அடுத்த வருஷமே உள்நாட்டுப் போர். 1951-இல் பயணிகள் வண்டி நின்றது, 1968-இல் சரக்கு வண்டியும் நின்று, தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். நிலம் மின்சாரக் கம்பெனிக்குப் போனது. 1974-இல் ஃபால்ஸ் சர்ச் ஊரில் கொஞ்ச தூரம் தார் போட்டுப் பார்த்தார்கள். ஜனங்களுக்குப் பிடித்துவிட்டது. 1988-இல் பர்சல்வில் வரை முடித்தார்கள்.

ஊருக்கெல்லாம் இதில் 1988 நல்ல செய்தி. ரயில்வே அப்பா 1968-ஐத் தாண்டி வர மறுக்கிறார்.

“எங்க போடி லைனையுந்தான் 2010-ல எடுத்தாங்க. 2023-ல அகலப் பாதையாத் திரும்பப் போட்டாங்களா இல்லியா? இவன் என்னடான்னா நடக்க விட்டிருக்கான்!”

இதைக் கேட்டுக்கொள்ள அவருக்கு ஈ.பி. அப்பா வாய்த்திருக்கிறார். டிரெயிலோடு கூடவே வரும் உயர் அழுத்தக் கம்பிகள் இவருடைய இலாகா. இரண்டு பேரும் ‘சார்’ போட்டுத்தான் பேசிக்கொள்வார்கள். வழியில் ஜன்னலே இல்லாத டேட்டா சென்டர் கட்டடங்கள் வரும்போது ஈ.பி. அப்பாவின் கை தானாக மேலே உயரும். “லோடு பாத்தீங்களா சார்? ஒரு டவுனுக்குக் குடுக்கிற கரண்ட்டை இவன் ஒருத்தனே குடிச்சிருவான்.” ரயில்வே அப்பா விட்டுக்கொடுப்பாரா? “அது கிடக்கட்டும் சார். இவ்வளவு நடந்தும் உங்களுக்கு முட்டி வலிக்கலேன்னா அதுக்குக் காரணம் யாரு? உங்க டாக்டரா? அந்தக் காலத்துல கிரேடியன்ட் போட்ட ரயில்வே இன்ஜினீயர் சார்!”

ஒருவர் இல்லாத தண்டவாளத்தைப் பார்த்துக் கீழே குனிகிறார், மற்றவர் இருக்கிற கம்பியைப் பார்த்து மேலே நிமிர்கிறார். எதிரேயும் பின்னேயும் பார்ப்பதற்கு ஆள் இல்லை. இங்கேதான் சைக்கிள்காரர் வருகிறார், உடம்போடு ஒட்டிய பளபளப்பு உடுப்பும் கறுப்புக் கண்ணாடியுமாக. அமெரிக்காவில் வலது ஓரமாகப் போக வேண்டும், முந்துகிறவர் இடப்பக்கமாக முந்துவார். முந்துவதற்கு முன் “ஆன் யுவர் லெஃப்ட்!” என்று குரல் கொடுப்பார். லெஃப்ட் என்று காதில் விழுந்ததும், ஆயுசு முழுக்க இடது ஓரமாகவே போய்ப் பழகிய அப்பா, மரியாதையாக ஒதுங்குகிறார். இடது பக்கம்.

பிரேக் கிறீச்சிடுகிறது. சாரி சொல்வது சைக்கிள்காரர். அப்பா அதைப் பெருந்தன்மையோடு ஏற்று, “நோ ப்ராப்ளம், கோ, கோ” என்று கையசைத்துப் போக அனுமதி கொடுக்கிறார். பத்தடி பின்னால் வரும் அம்மாவுக்கு விதியெல்லாம் முதல் நாளே அத்துப்படி. “ஏங்க, வலப்பக்கமா வாங்கன்னு எத்தனை தடவை சொல்றது?” அப்பாவுக்கு அந்த நேரம் பார்த்துக் காது கேட்பதில்லை.

ஜூலையில் மகனின் சைக்கிள் கராஜிலிருந்து வெளியே வரும். மங்கி கேப்புக்கு மேல் ஹெல்மெட். அம்பத்தூரில் செய்த ஹெர்குலிஸில் பழகிய கால் அது, நின்ற சைக்கிளில் ஏற அதற்குத் தெரியாது. இடது காலைப் பெடலில் வைத்து நாலு தத்துத் தத்தி, ஓட்டம் பிடித்ததும் வலது காலைப் பின்பக்கமாக வீசிப் போட்டுத்தான் ஏறுவார். அந்தக் கணத்தில் அக்கம்பக்கத்தில் இருக்கும் அமெரிக்கக் குடும்பங்கள் மூச்சைப் பிடித்துக்கொள்கின்றன. ஏறியபின் லீஸ்பர்க் வரைக்கும் ஒரே கியர். “இருக்கிற கியரே நல்லாத்தானே இருக்கு, எதுக்கு மாத்தணும்?” நடப்பவர் முதுகைக் கண்டால் போதும், மணி அடிக்கத் தொடங்கிவிடுவார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து அறிக்கை: “நடக்கிறவனுங்களுக்கு இந்த ஊர்ல ஒழுங்கே இல்ல.”

அக்டோபரில் திரும்பும் டிக்கெட். ஆனால் பொறுப்பை ஒப்படைக்காமல் எந்த அதிகாரி கிளம்புவார்? மகளுக்குப் பிரசவம் பார்க்க மனைவியோடு வந்து இறங்கியிருக்கும் கூட்டுறவு வங்கி அப்பாவைப் பிடித்து, டிரெயிலில் ஒரு சுற்று அழைத்துப் போகிறார்.

“இந்த பெஞ்சுல உக்காராதீங்க, வெயில் நேரா மூஞ்சில அடிக்கும். அதோ, அந்த வெள்ளை நாய் குரைக்கும், கடிக்காது. பாலத்துக்குக் கீழ ஈரமா இருக்கும், மெதுவா வாங்க. இது ரயில்வே லைன், தெரியுமில்ல?”

புதியவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்து, கடைசியில் கேட்கிறார்: “சரிங்க சார். இங்க டீ எங்க கிடைக்கும்?”

“கிடைக்காது. நானே இவங்களுக்கு எழுதிப் போடலாம்னு இருந்தேன். நீங்க ஃபாலோ பண்ணுங்க.”