தொங்குவிளக்கும் கொளுக்கியும்: வன்னி வீடுகள் பற்றிய ஒரு முன்னாய்வு

தொங்குவிளக்கு என்பது மேலே ஓரிடத்தில் பிடிக்கப்பட்டு, கீழே எதிலும் முட்டாமல், இடையில் ஒரு வயரை நம்பி வாழும் விளக்கு. கடைக்காரர் இதனைப் 'பென்டன்ட்' என்பர். வன்னிப் பெருநிலப்பரப்பில் புதிதாக எழும் வீடுகளில் இது எங்கே, எந்த உயரத்தில், யாருக்காகத் தொங்கவேண்டும் என்பதை இதுவரை எவரும் ஆராயவில்லை. ஆகவே இக்கட்டுரையே இத்துறையின் தலைசிறந்த ஆய்வு என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு எழ வழியில்லை. சொல்லாராய்ச்சியில் தொடங்குவது மரபு. பென்டன்ட் என்பது 'பந்தம்' என்ற தமிழ்ச் சொல்லின் திரிபு என்றும், பந்தலில் பந்தம் கட்டியதே அதற்குச் சான்று என்றும் நிறுவ அரைப் பக்கம் போதும். உலகத்துச் சொற்களெல்லாம் எங்கள் வீட்டுப் பின்படலையால் களவுபோனவை என்று எழுதிப் பழகியவர்களுக்குக் கால் பக்கமே மிகுதி. உண்மையில் அது தொங்குதலைக் குறிக்கும் இலத்தீன் வினை ஒன்றின் பிள்ளை. அதே வயிற்றில் பிறந்த இன்னொரு பிள்ளை 'பென்டிங்'; காணிக் கோவைகள் அலுவலக அலுமாரிகளில் கிடக்கும் நிலையைக் குறிக்க வன்னியில் எல்லா வயதினருக்கும் தெரிந்த சொல். மூன்றாம் பிள்ளை 'அப்பென்டிக்ஸ்'. அது மனிதருக்கு வயிற்றிலும் ஆய்வேடுகளுக்குக் கடைசியிலும் தொங்குகிறது. இரண்டையும் வெட்டி எடுத்தாலும் உயிருக்கு ஆபத்தில்லை. (விரிவுக்கு, இக்கட்டுரையாளர் இன்னும் எழுதாத 'தொங்குவன' நூலைப் பார்க்க.)

தொங்குவிளக்குச் சாத்திரத்தின் விதிகள் மேலைநாட்டு வீட்டலங்கார ஏடுகளில் கிடைக்கின்றன. சாப்பாட்டு மேசைக்கு மேல் விளக்கின் அடி 30 முதல் 36 அங்குலத்தில் நிற்கவேண்டும். அதன் விட்டம் மேசை அகலத்தின் பாதிக்குக் குறையவும் கூடாது, மூன்றில் இரண்டை மிஞ்சவும் கூடாது. ஆட்கள் நடமாடும் இடத்தில் நிலத்திலிருந்து 7 அடி விடவேண்டும். டென்மார்க்கின் போல் ஹென்னிங்சன் என்பவர் மின்குமிழின் கூச்சத்தைத் தகடுகளால் மறைத்து 1925இல் பாரிஸ் கண்காட்சிக்கு விளக்குச் செய்தவர். 1958இல் அவர் வடிவமைத்த விளக்கை மேசைக்கு மேல் 60 சென்ரிமீற்றர் வரை இறக்கலாம் என்பார்கள். இவ்விதிகளில் குற்றமில்லை. ஆனால் எல்லா விதிகளும் நான்கு விடயங்களைச் சொல்லாமலே ஏற்றுக்கொள்கின்றன: மேசை அசையாது, காற்று அசையாது, பூச்சி வராது, கரண்ட் போகாது. வன்னியில் இந்த நான்கில் எதுவும் கைக்கொள்ளத்தக்கதன்று என்பதும், ஆகவே விளக்கு எங்கே தொங்கவேண்டும் என்ற கேள்வியே பிழையாகக் கேட்கப்பட்டிருக்கிறது என்பதும் இங்கு நிறுவப்படும்.

முதலில் இடத்தை எடுப்போம். சாமியறையில் தூண்டாமணி விளக்கு ஏற்கெனவே தொங்குகிறது. அதோடு போட்டிக்குப் போவது முறையன்று. படுக்கையறையில் நடுவே தொங்குவது நுளம்பு வலை. குசினியில் 'ஐலண்ட்' என்ற மேடைக்கு மேல் மூன்று விளக்குகளை வரிசையாகத் தொங்கவிடச் சொல்கின்றன ஏடுகள். ஐலண்ட் என்றால் தீவு. நாம் ஏற்கெனவே ஒரு தீவில் இருக்கிறோம், அதற்குள் இன்னொன்று வேண்டுமா என்பது அரசியல் கேள்வியாதலால் விடப்படுகிறது.   எஞ்சுவது ஹோல். 2012 ஒக்டோபர் 2ஆம் திகதி தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் வீடொன்றுக்கு 550,000 ரூபா கொடுத்தார்கள், வீடு ஏறத்தாழ 550 சதுர அடி. சதுர அடிக்கு ஆயிரம் ரூபா. அத்தகைய வீட்டின் ஹோலைப் பத்தடிக்குப் பத்தடி என்று கொள்வோம். நடுவில் 56 அங்குல ஃபான் சுற்றும். வைகாசி வெக்கையில் சாப்பிடுபவர் எவரும் ஃபானுக்குக் கீழேதான் மேசையை இழுத்துப் போடுவார். மேசை நடுவிலென்றால் சாத்திரப்படி விளக்கும் நடுவில்; நடுவில் ஃபானின் இறக்கை. விளக்கை விலக்கினால் ஃபானுக்கும் சுவருக்கும் இடையில் 32 அங்குலம் கிடைக்கும், அங்கே மேசை இல்லை. காற்றா வெளிச்சமா என்ற இந்தப் பிணக்கில் இதுவரை எந்த வன்னி வீட்டிலும் வெளிச்சம் வென்றதில்லை. விறாந்தைக்குப் போகலாமே என்பார்கள். சோளகம் பெயர்ந்து வீசும் மாதங்களில் ஒரு மீற்றர் வயரில் தொங்கும் விளக்கு போய்வர இரண்டு விநாடி எடுக்கும். பீசா நகரத் தேவாலயத்தில் ஆடிய விளக்கைப் பார்த்துக் கலிலியோ ஊசலின் இலக்கணத்தைக் கண்டார் என்று கதை உண்டு. விறாந்தையில் புத்தகத்தோடு குந்தியிருக்கும் சாதாரண தரப் பரீட்சைப் பிள்ளைக்கு அவ்வளவு பெளதிகம் தேவையில்லை.

இனி இவ்வாய்வின் இதயத்துக்கு வருவோம். ஐப்பசியில் முதல் மழை விழுந்த இரவு வன்னியின் புற்றுகள் திறக்கும்; ஈசல் கிளம்பும். அப்போது எல்லா வீடுகளிலும் ஒரே கட்டளை ஒலிக்கும்: "லைற்றை நூருங்கோ!" ஒரேயொரு விளக்கை எரியவிட்டு அதன் கீழே தண்ணீர்ச் சட்டி வைப்பதே பரம்பரைத் தொழில்நுட்பம். வெளிச்சத்தை நாடி வந்த ஈசல் நீரில் தெரியும் வெளிச்சத்தை நம்பி விழும். இப்போது வாசகர் சாத்திர விதியை நினைவுகூர்க. மேசைக்கு மேல் 30 அங்குலத்தில் விளக்கு. அதன் நேர் கீழே, மின்னும் மேற்பரப்போடு, சொதிச்சட்டி. டென்மார்க்கார் அழகென்று கண்டதும் வன்னியார் பொறியென்று கண்டதும் ஒரே அமைப்புத்தான், சட்டிக்குள் இருப்பது மட்டும் வேறு. மஞ்சள் ஒளிதரும் எல்.ஈ.டி. குமிழுக்குப் பூச்சிகள் குறைவாகவே வரும், வெள்ளைக் குமிழைத் தவிர்த்தால் போதும் என்ற மறுப்பு எழலாம். மறுப்பு சரியே. ஆனால் குறைவு என்பது ஒப்பீட்டுச் சொல். புற்றொன்று முழுதாகக் கிளம்பும் இரவில் அதில் பாதி வந்தாலும் புட்டுக்குப் போதும்.

ஈசல் வரும் இடத்துக்குப் பல்லி வரும். இது நிறுவத் தேவையில்லாதது. பல்லி சுவரில் இருந்தவரை அதன் செயற்பாடுகள் சுவரோடு ஒட்டியே நடந்தன. தொங்குவிளக்கின் தொப்பி அதற்கு முதன்முதலாக அறையின் நடுவில் ஓர் ஆசனத்தைக் கொடுத்திருக்கிறது. தொப்பியின் அகலம் மேசையின் மூன்றில் இரண்டை மிஞ்சக் கூடாது என்ற விதியின் முழுக் கனமும் இப்போதுதான் விளங்குகிறது: அதிலிருந்து வழுக்கும் பல்லி எந்தப் பக்கம் விழுந்தாலும் மேசைக்குள்ளேயே விழும். 75 சென்ரிமீற்றரிலிருந்து விழும் பொருள் மேசையை அடைய 0.39 விநாடி எடுக்கும். டென்மார்க் முறைப்படி 60 சென்ரிமீற்றருக்கு இறக்கினால் 0.35. இந்த 0.04 விநாடி வேறுபாட்டில் கையை இழுக்கலாம். கோப்பையை இழுக்க முடியாது. (பார்க்க: 'தொங்குவன', இரண்டாம் பாகம், ஏழாம் இயல். இரண்டாம் பாகம் முதலாம் பாகத்துக்கு முன் வெளிவரும்.) எங்கள் பஞ்சாங்கங்கள் பல்லி விழும் பலனை உறுப்புறுப்பாகப் பிரித்து, வலம் இடம் என்று வேறாக்கி, ஒழுங்காக அச்சிட்டிருக்கின்றன. ஆனால் அவை பல்லி முகட்டிலிருந்து நேரே ஆளின்மேல் விழும் என்ற பழைய கட்டடக்கலையை நம்பி எழுதப்பட்டவை. பல்லி முதலில் தொப்பியில் விழுந்து, அங்கிருந்து சம்பலில் விழுந்து, சம்பலிலிருந்து தோளுக்குத் தாவினால் எந்த விழுகைக்குப் பலன் பார்ப்பது? முதல் விழுகையே பலனுக்குரியது என்றால் பலன் விளக்குக்குப் போகும். கடைசி விழுகை என்றால் சம்பல் பலனின்றிப் போகும். இவ்விடயத்தில் வாக்கியமும் திருக்கணிதமும் ஒரே மௌனம் காக்கின்றன. வருடப்பிறப்பு நேரத்தில்கூட ஒத்துப்போகாத இரு பகுதியாரை ஒன்றாக்கிய பெருமை பல்லிக்கே உரியது. (இதற்கு: 'தொங்குவன', மூன்றாம் பாகம், பின்னிணைப்பு ஈ, அடிக்குறிப்பு 212, அதன் கீழ் வரும் அடிக்குறிப்பு, அங்கே ஆசிரியர் தாம் நான்காம் பாகத்தில் எடுக்கப்போகும் நிலைப்பாட்டைக் கடுமையாக மறுத்திருப்பார். நான்கு பாகங்களும் எழுதப்படாதபடியால் இதுவரை பிழை கண்டுபிடிக்கப்படவில்லை. எழுதப்பட்ட பல நூல்களுக்கு இந்தப் பாக்கியம் இல்லை.)

நான்காவது நம்பிக்கை கரண்ட். 2022 பங்குனி முடிவில் நாட்டில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதால் இலங்கை முழுவதும் இருண்டது என்று மின்சக்தி அமைச்சரே சொன்னார். தொங்குவதில் மனிதரைவிடக் குரங்குக்கு அனுபவம் அதிகம். பிழை அதன்மேல் இல்லை. கரண்டை நம்பாத தொங்குவிளக்குக்கு இந்த நாட்டில் முன்னுதாரணம் உண்டு. கேகாலை மாவட்டத்துத் தெதிகமையில் கிடைத்த 12ஆம் நூற்றாண்டு யானை விளக்கின் எண்ணெய் யானையின் வயிற்றுக்குள் இருக்கிறது. தட்டில் எண்ணெய் குறையும்போது காற்று உட்புகுந்து, வேண்டிய அளவை யானை தானாகவே கீழே பெய்யும். மட்டம் சரியானதும் நின்றுவிடும். யானை அதை எந்த உறுப்பால் பெய்கிறது என்பதை ஆய்வாளர்கள் தாழ்ந்த குரலில் எழுதியிருக்கிறார்கள். வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கெரிவது இன்னொரு செய்தி. அது பக்திக்குரியது, அங்கே ஆய்வு செருப்பைக் கழற்றிவிட்டு வெளியே நிற்கும்.

இவ்வளவும் வறட்டுக் குதர்க்கம், மக்கள் அழகுக்காகத்தான் வாங்குகிறார்கள், அழகுக்குக் கணக்குப் பார்ப்பதா என்று ஒரு வலுவான மறுப்பு உண்டு. அதற்கு விடை கடைக் கண்ணாடிக்குள்ளேயே தொங்குகிறது. இன்று உலகமெங்கும் விலைபோகும் தொங்குவிளக்கு வகைகளில் ஒன்று, மூடியுள்ள கண்ணாடிப் போத்தலைக் கவிழ்த்து அதற்குள் குமிழைப் பொருத்தியது. இன்னொன்று வெறும் வயரில் இழை தெரியும் குண்டு பல்ப். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னிக்குக் கரண்ட் இல்லை, மண்ணெண்ணெய் பொன். அப்போது ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அதில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, நடுவில் திரி நிறுத்தி எரித்தார்கள். போத்தலே கண்ணாடி, போத்தலே தாங்கி. கழுத்தில் கம்பி கட்டினால் தொங்கும். அந்தப் போத்தலடியில் இருந்து படித்தவர்கள் இன்று வைத்தியர்களாகவும் பொறியியலாளர்களாகவும் இருக்கிறார்கள், சிலர் பேராசிரியர்கள்கூட. விளக்கைப் பற்றிய ஆய்வரங்கிலும் மண்டபத்து விளக்கை நூர்த்துவிட்டுத் திரையில் இருப்பதை அப்படியே வாசிக்கும் வழக்கம் அவர்களுக்கு எங்கிருந்து வந்தது என்பது தனி ஆய்வுக்குரியது. வீட்டுத்திட்டக் காசு சுவரோடும் கூரையோடும் முடிந்த வீடுகளில் ஓல்டரோடு வெறும் வயரில் தொங்கிய குமிழும் இதே வரலாற்றின் அடுத்த அத்தியாயம். ஆகவே பென்டன்ட் வன்னிக்குப் புதிதன்று. முன்பு வழியில்லாமல் தொங்கியது இப்போது விலை கொடுத்துத் தொங்குகிறது. அழகு இடையில் எந்த ஆண்டில் ஏறிக்கொண்டது என்பதைக் கடைக்காரர்தான் சொல்லவேண்டும்.

பழைய தொங்கலுக்கும் புதிய தொங்கலுக்கும் உண்மையான வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது. அரிக்கன் லாம்பு தீராந்தியில் ஒரு கொளுக்கியில் தொங்கியது. குசினிக்கு வேண்டுமென்றால் குசினிக்குப் போகும், விறாந்தைக்குப் போகும், கிணற்றடிக்குப் போகும். ஈசல் வந்தால் முற்றத்துக்குப் போகும். ஊரைவிட்டுப் போகவேண்டி வந்தபோது கூடவே போனது. கொளுக்கி மட்டும் வீட்டில் நின்றது. இன்றைய பென்டன்ட் கூரையில் ஒரு புள்ளியில் ஆணியறைந்து நிற்கிறது. மேசையும் காற்றும் பூச்சியும் ஆட்களும் அதைச் சுற்றித் தங்களை ஒழுங்குபடுத்திக்கொள்ள வேண்டும் என்று அது எதிர்பார்க்கிறது. மேற்சொன்ன நான்கு இடைஞ்சலுக்கும் காரணம் விளக்கின் வடிவமோ உயரமோ அல்ல, அதன் பிடிவாதம். தேர்ந்தெடுக்கப்பட வேண்டியது விளக்கு அல்ல, கொளுக்கி. இதற்குச் சொல்லாராய்ச்சியும் சான்று தரும். குசினி, விறாந்தை, யன்னல், மேசை, கதிரை, அலுமாரி, சாவி எல்லாம் போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொற்கள். லாம்பும் கப்பலில் வந்ததே. இந்த வீட்டுக்குள் கொளுவுதல் என்ற எங்கள் வினையிலிருந்து பிறந்து எவருக்கும் கடன்படாமல் நிற்பது கொளுக்கி ஒன்றுதான். முதற் பத்தியில் கேலிசெய்த அதே முறையைக் கடைசியில் கையாள்வது முரண் அல்லவா என்று கேட்கக்கூடும். அல்ல, அங்கே முடிவு பிழை, இங்கே முடிவு எங்களுக்குச் சாதகம்.

ஆகவே வீடு கட்டுவோருக்கு ஒரு விண்ணப்பம். கூரை வேலை தொடங்கமுன் அறைக்கொரு கொளுக்கி, விறாந்தைக்கு இரண்டு, வளையிலோ தீராந்தியிலோ போடுவியுங்கள். ஃபானுக்குரியது நடுவில் வேறாக இருக்கட்டும். விளக்கின் பாரத்தைக் கொளுக்கி தாங்கவேண்டும், வயர் தாங்கக்கூடாது. வயரை ஆறடி மிச்சமாக விட்டு, நுனியில் பிளக் பூட்டுங்கள். இதை மேசனாரிடமும் தச்சரிடமும் இப்போதே சொல்லுங்கள். ஓடு போட்டு முடிந்த பிறகு கூப்பிட்டால் அவர்கள் வரமாட்டார்கள்.