ஒரே பாட்டில் முன்னேற்றம்

1997-இல் விக்ரமன் எடுத்த ‘சூர்யவம்சம்’ இன்றுவரை எங்கள் சேலையூரைக் கைவிடவில்லை. ஞாயிறு மதியம் டிவியைப் போட்டால் தேவயானியின் இட்லி உப்புமா தயார். ஒரே பாட்டில் சரத்குமார் பஸ் முதலாளி. எத்தனை நிம்மதி! கேம்ப் ரோடு சிக்னலில் பச்சை விழுமோ விழாதோ, ‘லாலாலா’ ஒலிப்பது உறுதி. ஐந்தாண்டுத் திட்டங்களை அந்த ‘லாலாலா’வுக்கு இசையமைத்த எஸ்.ஏ.ராஜ்குமாரிடம் ஒப்படைத்திருந்தால் நாடு நாலே நிமிஷத்தில் முன்னேறியிருக்கும்.

போன வாரம் படத்தின் பாயசக் காட்சியில் கரண்ட் போனது. யாரும் பதறவில்லை, மீதி வசனத்தைப் பாட்டியே பேசி முடித்தாள். கரண்ட் வந்தபோது அதே விக்ரமனின் ‘பூவே உனக்காக’ ஓடிக்கொண்டிருந்தது. விட்ட இடத்திலிருந்து அழ ஆரம்பித்தோம்.