கடம்பூர் மாளிகையில் ஹாரி பாட்டர்

அமெரிக்காவில் எடிசனிலோ ஃப்ரீமான்ட்டிலோ பிளேனோவிலோ நாலு தமிழ்க் குடும்பங்கள் பாட்லக்குக்குக் கூடினால், அங்கே நம்மவர் இருப்பார். பிரியாணித் தட்டோடு உங்களை ஓரங்கட்டி, "ஒரு ஐடியா இருக்கு, கேளுங்க" என்பார். பங்குச் சந்தை சமாசாரமாக்கும் என்று நீங்கள் காதைத் தீட்டிக்கொள்வீர்கள். "வந்தியத்தேவன் ஹாக்வார்ட்ஸுக்குப் போறான்" என்பார்.

வயது நாற்பதுக்கு மேல். பகலில் ஏதோ ஒரு வங்கியின் டேட்டாபேஸைக் கட்டி மேய்க்கிறார். இரவில் இரண்டு கதைகளின் ஆட்களை ஒரே கதைக்குள் அடைத்துவிட்டுக் கட்டி மேய்க்கிறார். இந்த வகை எழுத்துக்கு ஊரில் கிராஸ்ஓவர் ஃபேன் ஃபிக்‌ஷன் என்று பெயர். வீட்டில் "அந்தக் கிறுக்கல்" என்று பெயர்.

கேலி செய்தால் புராணத்தோடு வருவார். "ராமருக்கு உதவின ஜாம்பவான், சியமந்தக மணிக்காகக் கிருஷ்ணரோட சண்டை போடலையா? அனுமார் வாலை நகர்த்த முடியாம பீமன் திணறலையா? அதெல்லாம் என்னவாம்?" அடுத்து கல்கியைச் சாட்சிக்கு இழுப்பார். முதலில் வந்தது 'பார்த்திபன் கனவு'; அதில் வரும் ஒற்றைக்கைக் கபாலிகரின் முன்கதைதான் பிறகு எழுதிய 'சிவகாமியின் சபத'த்தின் நாகநந்தி. 'பொன்னியின் செல்வன்' 1954-இல் முடிந்தபோது, "அப்புறம் யார் என்ன ஆனார்கள்?" என்று வாசகர்கள் துளைத்த கேள்விகளுக்குக் கல்கி முடிவுரையில் பதில் சொல்ல வேண்டிவந்தது. அதிலும் ஆசை அடங்காமல்தான் விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' எழுதினார். இவ்வளவும் உண்மை. கடைசியாக, ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் என்ற ரசிகர் கதைக் களஞ்சியத்துக்கு 2019-இல் ஹியூகோ விருது கிடைத்ததைச் சொல்வார். சொல்லும்போது அந்த விருதில் தமக்கும் ஒரு துண்டு உண்டு என்பதுபோல் ஒரு அடக்கம் முகத்தில் வரும்.

வாதத்தில் அவரை வெல்ல முடியாது. எழுத உட்கார்ந்தால் கதை அவரை வென்றுவிடுகிறது.

முதல் இடி, ஆந்தை. ஆதித்த கரிகாலன் கொடுத்த ஓலைகளை வந்தியத்தேவன் குதிரைமேல் சுமந்துகொண்டு போவதால்தான் 'பொன்னியின் செல்வன்' நகர்கிறது. ஹாக்வார்ட்ஸ் ஆந்தை ஒன்று கைவசம் இருந்தால் ஓலை சாயங்காலத்துக்குள் தஞ்சாவூர் போய்விடும். வீராணம் ஏரி கிடையாது, கடம்பூர் கிடையாது, குடந்தை ஜோசியர் வீட்டில் குந்தவையைப் பார்ப்பது கிடையாது. ஐந்து பாகத்தில் ஒரு அத்தியாயம் தேறும். ஆகவே ஆந்தையை வெட்டினார். "நல்ல காரியம் பண்ணீங்க மாப்பிள்ளை, வீட்டுக்குள்ள ஆந்தை எதுக்கு?" என்றார் மாமியார்.

அடுத்தது மாய அங்கி. கடம்பூரில் நள்ளிரவுச் சதியை ஹாரியும் வந்தியத்தேவனும் அதைப் போர்த்திக்கொண்டு சௌகரியமாக ஒட்டுக்கேட்கலாம். ஆனால் மாட்டிக்கொண்டு, வாய்க்கு வந்ததைப் புளுகித் தப்பிக்கிறவன்தானே வந்தியத்தேவன்? மாட்டிக்கொள்ளவே வழியில்லாத வாணர்குல வீரனுக்குச் சம்பளம் தண்டம். மந்திரக்கோல் நுழைந்த இடத்தில் கெட்டிக்காரத்தனம் வேலையிழந்துவிடுகிறது. இந்த வகை எழுத்தின் பெரிய சங்கடமே இதுதான் என்பது என் எண்ணம்.

அமெரிக்காவில் இதற்கு மேலும் ஒரு சங்கடம். கதையின் பாதி தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். முழுதும் தெரிந்தவர்கள் இல்லை. பத்து வயது மகள் கேட்கிறாள்: "அப்பா, ஆழ்வார்க்கடியான் க்ரிஃபிண்டரா ஸ்லிதரினா?" ஆறு மாதத்துக்கு மாயவரத்திலிருந்து வந்திருக்கும் தாத்தா, பைண்டு பண்ணிய கல்கியில் வளர்ந்தவர், கேட்கிறார்: "ஏம்ப்பா, அந்தக் கண்ணாடி போட்ட பையன் யாரு? சம்புவரையர் வகையறாவா?" ஆகவே பேத்திக்காகக் கடம்பூரை விளக்கி நாலு பக்கம், தாத்தாவுக்காக ஹாக்வார்ட்ஸை விளக்கி நாலு பக்கம். பேத்தி முதல் நாலைப் புரட்டிவிடுவாள், தாத்தா அடுத்த நாலை. எட்டையும் படித்தவர் எழுதியவர் ஒருவர்தான்.

ஊருக்கு ஊர் ஆளும் மாறுவார். நியூ ஜெர்சிக்காரர் மெட்ரோபார்க்கில் ரயில் ஏறிக் கைப்பேசியில் எழுதுவார். நியூவார்க்கில் திருப்பம், பென் ஸ்டேஷனில் 'தொடரும்'. பே ஏரியாக்காரருக்கு எழுத்தைவிட எக்செல் பிடிக்கும். மூலக் கதைக்கு முரண் வந்தால் அந்தக் கட்டம் சிவப்பாகும். சுஜாதா பக்தர் வேறு, 'என் இனிய இயந்திரா'வின் ஜீனோ நாயைப் பழுவேட்டரையர் அரண்மனையில் குரைக்கவிடாமல் அவருக்குத் தூக்கம் வராது. டெக்சாஸ்காரர் நாடகம் போடுவார். அவர் கதைகளைக் கலப்பது கலை ஆர்வத்தால் அல்ல. பொங்கல் விழாவுக்குப் பெயர் கொடுத்த பிள்ளைகள் நாற்பது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வசனமாவது வேண்டும், இல்லாவிட்டால் பெற்றோர் அடுத்த வருடம் சந்தா கட்டமாட்டார்கள். சோழ சபையில் அத்தனை நாற்காலி இல்லாததால் ஹாக்வார்ட்ஸைத் திறந்துவிட்டார். இரண்டு காலத்தையும் இணைக்க ஒரு கால இயந்திரமும் வைத்தார்.

அவரிடம்தான் ஒன்று சொல்லிப் பார்த்தேன். "சார், கால இயந்திரம் எதுக்கு? 1992-இல் நடக்கிற இரண்டாவது புத்தகத்திலேயே, ஹாக்வார்ட்ஸ் கட்டி ஆயிரம் வருஷத்துக்கு மேல ஆச்சுன்னு பேராசிரியர் பின்ஸ் சொல்றார். ராஜராஜன் பட்டத்துக்கு வந்தது 985. ரெண்டும் ஏறக்குறைய ஒரே காலம். பள்ளிக்கூடம் கட்டுறப்பவே வந்தியத்தேவனை அனுப்பிடலாம். அப்புறம், ஆழ்வார்க்கடியானும் ஒற்றர், ஸ்னேப்பும் ஒற்றர். அந்த ரெண்டு பேரையும் ஒரு அறையில உட்காரவெச்சா மந்திரமே வேண்டாம், கதை தானா நடக்கும்."

"பிரமாதம் சார்!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ரெண்டையும் சேர்த்துக்கறேன். ஆனா கால இயந்திரம் இருக்கட்டும். ஃப்ரிட்ஜ் அட்டைப்பெட்டியில செஞ்சு, பெயின்ட்டும் அடிச்சாச்சு, கராஜ்ல காயுது."

நாடகம் இந்தப் பொங்கலுக்கு. முதல் ஒரு மணி நேரம் அறிமுகக் காட்சிகளே நடக்கும் என்று கேள்வி. சாப்பாடு இடைவேளைக்குப் பிறகுதான். வீட்டிலேயே ரெண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.