தங்கக் கடிகாரம் வாங்கப்போற மருமகனுக்கு

வாங்கு மருமகனே, தாராளமா வாங்கு. மாமா குறுக்கே நிக்க மாட்டேன். பிரெஞ்சுக்காரன் செஞ்ச வெண்கலக் கடிகாரம், மேல தங்க முலாம், ரெண்டு பக்கமும் அதே வேலைப்பாட்டுல மெழுகுவத்திக் கொத்து விளக்கு. ஈப்போ தவுக்கே எட்டாயிரம் வெள்ளிதான் கேட்டாராம். கோலா கங்சார் தாமான் வீட்டுல இது ஒண்ணுதான் குறையா இருந்துச்சு.

எங்க வைப்பே? பிரெஞ்சுக்காரங்க ஊருக் குளிருக்கு வீட்டுக்குள்ளயே கணப்படுப்பு இருக்கும். அதுக்கு மேல உள்ள கல் மேடைக்குன்னே செஞ்சது இது. பின்னால பெரிய கண்ணாடி மாட்டுவாங்க. மெழுகுவத்தி வெளிச்சம் தங்கத்துல பட்டு ரெட்டிப்பாத் தெரியும். நம்ம பக்கம் கணப்படுப்புன்னா தைப்பிங் மேக்ஸ்வெல் மலை பங்களாவுக்குத்தான் ஏறணும். நீ டிவி மேசையில வை. மேல ஏர்கோன் ஓடுதே, குளிருக்கென்ன பஞ்சம்?

போறப்ப டார்ச்சும் பேனாக்கத்தியும் எடுத்துக்க. பெண்டுலத்தைக் கழட்டிட்டு, கடிகாரத்தைச் சாய்ச்சு, அடியில கண்ணுக்குத் தெரியாத மூலையா லேசாக் கீறிப் பாரு. மஞ்சளா மின்னுச்சுன்னா வெண்கலம். சாம்பல் வெள்ளையா இருந்தா துத்தநாகத்துக்குப் பவுன் சட்டை போட்டிருக்கான். கீறக்கூடாதுன்னு தவுக்கே கத்தினா அதுவும் ஒரு பதில்தான். பின்பக்கத் தகட்டுல ஜாப்பி, மார்ட்டின்னு முத்திரை இருக்கட்டும், நல்ல இயந்திரம்தான். ஆனா அதை வச்சுக்கிட்டே நெப்போலியன் காலத்துச் சாமான்னு சொன்னா, காப்பியைக் குடிச்சிட்டு எழுந்து வந்துடு. அந்த முத்திரை எல்லாம் அவன் காலத்துக்குப் பின்னால வந்தது.

கடிகாரத்துக்கும் விளக்குக்கும் ஜாதகம் பொருந்துதான்னும் பாரு. இலைக்கொத்து, கால், தங்கத்தோட நிறம் மூணும் ஒத்துப்போகணும். எங்கெங்கயோ கிடந்ததைச் சேர்த்துவச்சு ஜோடின்னு விக்கிறவன் நிறைய பேர்.

பழைய முலாம் எப்படிப் போடுவான் தெரியுமா? தங்கத்தைப் பாதரசத்துல கலந்து பூசி நெருப்புல காட்டுவான். பாதரசம் புகையாப் போயிடும், தங்கம் ஒட்டிக்கும். அந்தப் புகையைக் குடிச்சவனுக்குக் கை நடுங்கும், பல்லு ஆடும், ஆயுசும் கம்மி. பாரிஸ்ல இந்த வேலைக்குப் பேர்போன பெரிய பட்டறைக்காரர் தோமீர், 1751-ல பொறந்து 1843 வரைக்கும் இருந்தாரு. தொண்ணூறு தாண்டி! பட்டறைன்னா என்ன, தோட்டம்னா என்ன, கணக்கு ஒண்ணுதான்.

அப்படி வந்த தங்கத்தை உன் வீட்டுக்காரி வெள்ளிக்கிழமை குத்துவிளக்கோட சேர்த்துப் புளி போட்டுத் தேய்ச்சான்னா, ரெண்டு வெள்ளிக்கிழமையில பளபளன்னு வெறும் வெண்கலம் வந்துடும். இப்பவே சொல்லி வை. அவளுக்குக் கடிகார விஷயமே இன்னும் தெரியாதுங்கிறியா? அப்ப புளியை அப்புறம் பார்த்துக்கலாம்.

அது மணிக்கு மணி எண்ணி அடிக்கும், அரை மணிக்கு ஒண்ணு அடிக்கும். யோசிச்சுப் பாரு: பன்னிரண்டரைக்கு ஒண்ணு, ஒரு மணிக்கு ஒண்ணு, ஒன்றரைக்கும் ஒண்ணு. நீ சீட்டு விளையாடிட்டு எப்ப வந்தேன்னு படுத்திருக்கிறவ கண்டுபிடிக்கவே முடியாது. எட்டாயிரம் வெள்ளி இதுக்கே சரியாப் போச்சு. முள்ளைப் பின்னால மட்டும் திருப்பிடாதே. சில இயந்திரத்துல கணக்குத் தப்பி, மூணு மணிக்கு ஏழு அடிக்கும்.

அது சரியான நேரம் காட்டுமான்னு கேக்காதே. எந்த நேரத்தை? எங்கப்பா காலத்துல கிரீன்விச்சுக்கு ஏழு மணி நேரம் முன்னால இருந்தோம். 1933-ல வெள்ளைக்காரன் அதோட இருபது நிமிஷம் சேர்த்தான், 1941-ல அதை அரை மணியாக்கினான். ஜப்பான்காரன் வந்து தோக்கியோ நேரம்னு இன்னும் ஒன்றரை மணி தள்ளினான். 1945-ல மறுபடி பழைய நேரம். 1982 ஜனவரி 1-ல இன்னொரு அரை மணி. நம்ம ஊரு மாவட்ட ஆபீஸ் பக்கம் 1877-ல நட்ட கித்தா மரம் நிக்குதே, அது எவன் நேரத்தையும் கேக்கலை. வெயிலேறுமுன்ன வெட்டினாத்தான் பால் வடியும். அதுக்குத்தான் தோட்டத்துல நம்மாளுங்களை இருட்டுலயே பெரட்டுக்கு, ஆள் கணக்கெடுக்க, நிக்க வச்சாங்க.

தெலுக் இந்தான்ல 1885-ல கட்டின கோபுரம் சாய்ஞ்சு நின்னுக்கிட்டே மணி காட்டுது. உன் பாரிஸ்காரிக்கு அந்தப் பொறுமை கிடையாது. மேசை நூலளவு சாய்ஞ்சாலும் டிக் நீளும், டாக் குறுகும், அப்புறம் நின்னுடும். உன் டிவி மேசைக்கு ஒரு காலு குட்டைன்னு எனக்குத் தெரியும். போன தீபாவளிக்கு அதுக்கு அடியில அட்டை மடிச்சு வச்சவனே நான்தானே.

எங்க வீட்டு மேசை மட்டமா இருக்கு, தெரியும்ல? வாங்கி ரெண்டு மாசம் பாரு. நின்னு நின்னு போச்சுன்னா தவுக்கேகிட்டத் திருப்பித் தூக்கிக்கிட்டு அலையாதே. மாமாவுக்கு ஒரு போன் போடு. பாதி விலைக்கு நானே எடுத்துக்கிறேன், விளக்கையும் சேர்த்து.