மொட்டை டாலர் தேடும் பேராண்டிக்கு

ஏலே பேராண்டி, ஓரத்து எழுத்து தலைகீழா இருக்குன்னு ஒத்த டாலர் காசுக்கு நாப்பது டாலர் குடுத்தியாமே? உங்கப்பன் சொன்னான். ரொம்ப சந்தோசம். அமெரிக்காவுல ஒருத்தன் பொழைக்கதுக்கு நம்ம குடும்பமும் ஒத்தாசை பண்ணியிருக்கு.

இப்போ கேட்டுக்கோ. 2007-ல ஜனாதிபதிங்க தலை போட்ட டாலர் காசு வந்துச்சுல்லா, அதுல வருசம், அடிச்ச ஊருக்கான எழுத்து, ‘கடவுளை நம்புகிறோம்’ங்கிற வாசகம் எல்லாத்தையும் ஓரத்துல கொண்டுபோய் வச்சான். தலையையும் பின்பக்கத்தையும் ஒரு மிஷின் அடிக்கும். ஓரத்துல எழுதுறது வேற மிஷின். நடுவுல காசை மொத்தமாக் கொட்டி அள்ளுதான். மல்லாந்து போகுதா குப்புறப் போகுதான்னு எவன் பாக்கான்? பாதிக்குப் பாதி எழுத்து தலைகீழாத்தான் விழும். ரெண்டும் நல்ல காசுதாம்லே. அதைப் பிழைன்னு வித்தவன் பள்ளிக்கூடம் போனானோ என்னமோ, வாங்குனவன் எஞ்சினீயரு!

நெசமான பிழை, அந்த ரெண்டாவது மிஷினுக்கே போகாம தப்பிச்சு வந்தது. வாஷிங்டன் தலைக் காசுல அப்படி ஆயிரக்கணக்குல பிலடெல்பியா ஆலையில இருந்து வெளிய வந்துட்டு. ஓரம் மொட்டை. வருசமும் இல்ல, சாமியும் இல்ல. ‘சாமியில்லாத டாலர்’னு அந்த ஊர்க்காரன் பேரே வச்சிட்டான். சனங்க முணுமுணுத்த முணுமுணுப்புல 2009-ல சாமியை ஓரத்துல இருந்து தூக்கி முகத்துக்குக் கொண்டாந்துட்டாங்க. அடுத்து வந்த ஜான் ஆடம்ஸ் காசுல நேர்மாறு. சிலது ரெண்டு தடவை மிஷினுக்குள்ள போய், எழுத்து மேல எழுத்து ஏறிக் கெடக்கும்.

மொட்டைக்கு விலை உண்டுன்னு தெரிஞ்சதும் அரத்தை எடுத்தவன் சும்மா இருப்பானா? நல்ல காசோட ஓரத்தைத் தேச்சு விக்கான். நீ தராசை எடு. எடை 8.1 கிராம், குறுக்களவு 26.5 மில்லிமீட்டர். தேய்மானத்துக்கு மேல கொறஞ்சா, அது ஆலையில போட்ட மொட்டை இல்ல, அரத்துல போட்ட மொட்டை.

முதுகுல புள்ளையைச் சுமந்த சகாகவியா உருவம் போட்ட டாலர் காசைக் காட்டி, “இதுவும் மொட்டை, வாங்கிக்கோ”ன்னு எவனாவது வருவான். 2000-ல இருந்து 2008 வரைக்கும் அந்தக் காசுக்கு ஓரத்துல எழுத்தே கெடையாது. பொறந்ததே அப்படி. 2009-ல இருந்து வந்தது மொட்டையா இருந்தா மட்டும் என்னைக் கூப்பிடு.

வாய் பொளக்கணும்னா ஒண்ணு சொல்லுதேன். 2000-ல கால் டாலர் அச்சும் சகாகவியா அச்சும் ஜோடி மாறிப் போச்சு. ஒரு பக்கம் வாஷிங்டன் தலை, ‘கால் டாலர்’னு எழுத்து. திருப்பினா பறக்குற கழுகு, ‘ஒரு டாலர்’னு எழுத்து. வருசம் ரெண்டு பக்கமும் இல்ல. கோவேறு கழுதைன்னு பேரு வச்சான், சரியாத்தான் வச்சிருக்கான். சுமார் இருபதுதான் கண்ணுல பட்டிருக்கு. ஒண்ணு லட்சம் டாலருக்கு மேல போயிருக்கு. நாடு கணக்குல தப்புப் பண்ணா லட்சம், நீ பண்ணா நாப்பது டாலர் நட்டம். என்ன நியாயமோ!

ரெண்டு பக்கமும் தலையிருக்கேன்னு துள்ளாத. அது வித்தைக்காரன் ரெண்டு காசைக் கடைஞ்சு ஒட்டுனது. விளிம்புக்கு உள்பக்கமா நகத்தால தடவிப் பாரு, ஒட்டு தட்டுப்படும். காசு பழுப்பேறிக் கறுத்திருந்தாலும் துள்ளாத. மேல இருக்கது மாங்கனீசு கலந்த பித்தளை. கை வேர்வை பட்டா கறுக்கத்தான் செய்யும்.

அப்படியே நெசமான மொட்டை ஒண்ணு மாட்டுச்சுன்னா, இருக்க அழுக்கோட வச்சிரு. ஊருக்கு மட்டும் எடுத்துட்டு வந்துராத. உங்க ஆச்சி கண்ணுல பட்டா புளி போட்டு வெளக்கிருவா. வெளக்குன காசைச் சேகரிக்கிறவன் திரும்பிக்கூடப் பாக்க மாட்டான். அவ மட்டும் “எப்படி மின்னுது பாருங்க”ன்னு எங்கிட்ட கொண்டாந்து காட்டுவா, நானும் ஆமாம்பேன்.