பானெட்டைத் தூக்கினால் வருபவர்

அமெரிக்காவில் ஒஹாயோ, இந்தியானா பக்கம் குளிர் விட்டு முதல் வெயில் அடிக்கிற சனிக்கிழமை எது என்று காலண்டரைப் பார்க்க வேண்டாம், காது போதும். வீட்டுக்கு வீடு புல்வெட்டி வண்டி உறுமும். தள்ளுகிற ரகம் இல்லை, ஸ்டீயரிங் பிடித்து உட்கார்ந்து ஓட்டுகிற குட்டி டிராக்டர். ஏதாவது ஒரு வீட்டில் மட்டும் உறுமல் எழாது. பானெட்டைத் தூக்குகிற 'டொக்' சத்தம் மட்டும் கேட்கும். அடுத்த நிமிடம் எதிர்வீட்டு கராஜ் கதவு மேலே ஏறும். அவர் புறப்பட்டுவிட்டார்.

ரிட்டயர் ஆனவர். தலையில் ஏதோ விதைக் கம்பெனி இலவசமாகக் கொடுத்த தொப்பி, கையில் ஆறிப்போன காபி. நடையில் அவசரம் இருக்காது. அவசரப்பட்டால் ஆசை வெளியே தெரிந்துவிடுமே! வண்டிக்கு இரண்டடி தள்ளி நின்று மழை வருமா வராதா என்று கொஞ்சம் பேசுவார். பிறகு துக்கம் விசாரிக்கிற குரலில், "கார்ப்பரேட்டராத்தான் இருக்கும்" என்பார். நாம் அதுவரை சாவியைத் திருகிக்கூடக் காட்டியிருக்க மாட்டோம்.

வெறும் வாய்ச்சவடால் என்று அவரை ஒதுக்கவும் முடியாது. ஆசாமிக்கு விஷயம் தெரியும். அங்கே பங்க்கில் பிடிக்கிற பெட்ரோலில் பெரும்பாலும் 10 சதவீதம் எத்தனால் கலந்திருக்கும். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். அக்டோபரில் டேங்கில் மிச்சம் விட்டது ஏப்ரலுக்குள் கெட்டுப்போய், கார்ப்பரேட்டரின் ஊசித்துவாரத்தில் பிசின் மாதிரி படிந்து அடைத்துக்கொள்ளும். வசந்தத்தில் கிளம்பாத வண்டிகளில் பாதிக்கு இதுதான் வியாதி என்று அவர் சொன்னால் நான் மறுக்க மாட்டேன். ஸ்பார்க் பிளக்கின் இடைவெளி 0.030 அங்குலம் இருக்க வேண்டும் என்பதும் அவருக்கு அத்துப்படி. அளக்க கேஜ் எல்லாம் தேடமாட்டார், ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் தெரிந்துவிடுமாம். எஞ்சின் மூடியைக் கழற்றி உள்ளே எலி கட்டிய கூட்டைக் கண்டுவிட்டாலோ, அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். புதையல் எடுத்தவன்கூட அவ்வளவு பூரிக்க மாட்டான்.

கை வேலை செய்யும்போது வாய் சரித்திரம் சொல்லும். பின்னாளில் புல்வெட்டி எஞ்சினுக்குப் பேர்போன பிரிக்ஸும் ஸ்ட்ராட்டனும் மில்வாக்கியில் 1908-இல் கூட்டுச் சேர்ந்ததை அவர் சொல்கிற அழகில், அவர்தான் நடுவில் உட்கார்ந்து தாம்பூலம் மாற்றி வைத்தார் என்று தோன்றும். 1963-இல் ஜான் டீர் 110 என்ற குட்டி டிராக்டர் வந்ததோடு அவருடைய பொற்காலம் தொடங்குகிறது. அது முடிந்தது எப்போது என்று கேட்டால், சீட்டுக்கு அடியில் சுவிட்ச் வைத்த அன்றைக்கு.

அந்த சேஃப்டி சுவிட்சுகள் அவருக்கு ஆகாது. பிரேக்கை மிதிக்காவிட்டால் ஸ்டார்ட்டர் சுழலாது. பிளேடை ஓடவிடும் மஞ்சள் குமிழ் மேலே இழுத்திருந்தாலும் சுழலாது. பிளேடு ஓடும்போது சீட்டை விட்டு எழுந்தால் எஞ்சின் அணைந்துவிடும். காலும் கையும் தப்பிக்க வைத்த ஏற்பாடு. "எஞ்சினுக்கு வேண்டியது மூணே மூணு. பெட்ரோல், காத்து, பொறி. மத்ததெல்லாம் வக்கீலுங்க சொருகின ஒயர்" என்பார். சொருகியது யாராக இருந்தாலும் ஒயர் வண்டியில்தான் இருக்கிறது. பிடிக்காத சம்பந்தி வீட்டுத் தெருப்பக்கமே போகாதவர் போல அவர் பார்வை அந்தப் பக்கம் திரும்பாது.

என் நண்பர் வீட்டில் இந்த வைபவம் நடந்தபோது, ஊரிலிருந்து அவர் மாமனார் வந்திருந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்து விவசாயி. ஆயில் எஞ்சினோடு ஆயுசு முழுக்க மல்லுக்கட்டியவர். வேட்டி, ஸ்வெட்டர், குரங்குக் குல்லாயோடு அவர் வெளியே வந்ததும் இரண்டு நிபுணர்களும் ஒருவரை ஒருவர் ஏற இறங்கப் பார்த்தார்கள். இவருக்கு இங்கிலீஷ் வராது, அவருக்குத் தமிழ் தெரிய நியாயமில்லை. பெரியவர் குனிந்து டேங்கை முகர்ந்து உதட்டைப் பிதுக்கினார். தொப்பிக்காரரும் முகர்ந்தார், பிதுக்கினார். உறவு கூடிவிட்டது. "சோக்" என்றார் இவர். "சோக்!" என்றார் அவர்.

பேட்டரியை மல்டிமீட்டரில் பார்த்தால் 12.6 வோல்ட், முழு சார்ஜ். அதோடு மின்சாரத்துக்கு நற்சான்றிதழ் கொடுத்தாகிவிட்டது. கார்ப்பரேட்டர் கழன்று அட்டைப்பெட்டி மேல் ஏறியது. சாவியைத் திருகினால் ஒரு 'டிக்'கூட இல்லாத வண்டி அது. ஸ்டார்ட்டரே சுழலாதபோது கார்ப்பரேட்டரைக் குளிப்பாட்டி என்ன ஆகப்போகிறது என்று கேட்க அங்கே யாருக்கும் தைரியமில்லை. நண்பர் மட்டும் வண்டியோடு வந்த புத்தகத்தை விரித்துக்கொண்டு, "மாமா, இதுல முதல்ல சுவிட்ச் பாக்கச் சொல்றான்" என்றார்.

"புஸ்தகத்தை வச்சு புல்லு வெட்டுற ஆளா நீங்க? அந்த ஸ்பானரை எடுங்க மாப்பிள்ளை" என்றார் மாமனார்.

போன அக்டோபரில் பாதி வெட்டும்போது போன் வந்தது என்று நண்பர் சீட்டை விட்டு எழுந்திருக்கிறார். வண்டி அணைந்திருக்கிறது. பெட்ரோல்தான் தீர்ந்துவிட்டது என்று நினைத்து அப்படியே தள்ளிக்கொண்டு போய் கராஜில் நிறுத்திவிட்டார். மஞ்சள் குமிழ் இழுத்தது இழுத்தபடியே குளிர்காலத்தைக் கழித்திருக்கிறது. எல்லாவற்றையும் பூட்டி முடித்த சாயங்காலம் அதைக் கீழே அழுத்திவிட்டு, பிரேக்கை மிதித்துச் சாவியைத் திருகினார். கரகரவென்று சுழன்று பிடித்துக்கொண்டது.

"நான்தான் சொன்னேனே, கார்ப்பரேட்டர்னு" என்று தொப்பிக்காரர் கை நீட்டினார். மாமனார் அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கிய குலுக்கலில் மாப்பிள்ளைக்குப் பங்கு இல்லை.

அடுத்த சனிக்கிழமை காலையில் பெரியவர் குல்லாயை மாட்டிக்கொண்டு தயாராக நின்றார். எதிர்வீட்டில் பனி தள்ளுகிற மெஷின் ஒன்று இருக்கிறதாம். எந்தக் கோளாறும் இல்லாமல் நன்றாக ஓடுகிறதாம். பிரித்துப் பார்க்கப் போகிறார்கள்.