முற்றத்துச் சீமெந்து உரிதல்: புத்தளக் கரையோரத்தை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

வீட்டு வாசலுக்கும் தெருவுக்கும் இடையே கிடக்கும் சீமெந்துத் தளத்தை அறிவுலகம் இதுவரை காலால் மட்டுமே அணுகியிருக்கிறது. உடப்பு, முந்தல், தலவில, கற்பிட்டி என்று புத்தளம் மாவட்டக் கரையெங்கும் இத்தளம் உண்டு. விடியலில் அதில் கருவாடு காயும். மத்தியானம் கொப்பறா காயும். பொழுது சாய்ந்தால் பிளாஸ்டிக் கதிரைகளில் ஊர் அரசியல் காயும். விசேஷம் என்றால் பந்தல் நிற்கும். இவ்வளவையும் தாங்கும் தளம், போட்ட மறு வருடமே மேல்தோல் உரிந்து, மணல் மணலாகத் தும்புத்தடியோடு போகத் தொடங்குகிறது. அது ஏன், யார் குற்றம், மேற்பூச்சு எக்காலத்தில் போடத் தக்கது என்பவையே இக்கட்டுரையின் ஆய்பொருள். கிணற்றடியும் குளியலறைத் தளமும் எம் எல்லைக்கு அப்பாற்பட்டவை. அவற்றுக்கு வேறு பேரறிஞர் வரட்டும்.

முதலில் முன்னோர் கூற்று. 1344-இல் இக்கரையில் இறங்கிய இப்னு பதூதா, ஆரியச் சக்கரவர்த்தியின் ஊருக்கு மர மதிலும் மரக் கோபுரங்களும் இருந்ததை எழுதிவைத்தார். கரையில் கறுவா மரம் குவிந்து கிடந்ததையும் விடவில்லை. முற்றத்தை விட்டுவிட்டார். 1667 முதல் 1676 வரை கற்பிட்டியில் கோட்டை கட்டிய ஒல்லாந்தர் பவளக் கல்லை நம்பினர். கோட்டை நிற்கிறது, அவர்கள்தான் இல்லை. அதே கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டி 1834-இல் இலங்கை முழுவதையும் அகரவரிசையில் அடுக்கி ஒரு கசெற்றியர் வெளியிட்டார். அவரிடம் சீமெந்து முற்றத்தை எதிர்பார்ப்பது அநியாயம். இங்கிலாந்தில் ஜோசப் அஸ்ப்டின் போர்ட்லண்ட் சீமெந்துக்குக் காப்புரிமை பெற்றே அப்போது பத்து வருடம்தான். ஆக, இத்துறையில் முன்னாய்வு எதுவும் இல்லை என்பது நிறுவப்படுகிறது. ஓர் ஆய்வாளருக்கு இதைவிட வசதி வேறில்லை.

வியப்பு என்னவென்றால், உலகில் எந்த மாவட்டத்தில் சீமெந்து உரிந்தாலும் புத்தளத்தில் உரியக் கூடாது. இம்மண்ணே சீமெந்து. அருவக்காட்டில் வெட்டும் சுண்ணாம்புக்கல் ரயிலேறிப் பாலாவித் தொழிற்சாலைக்கு வந்து சீமெந்தாகிறது. நுரைச்சோலையில் 2011 முதல் நிலக்கரி எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். அங்கே மிஞ்சும் சாம்பலும் சீமெந்தில் கலக்கத் தகுந்தது. ஆனால் பாலாவியின் மறுபக்கத்தில் உப்பளங்கள் இருக்கின்றன. பொருளையும் அதன் பகையையும் ஒரே ஊரில் உண்டாக்கும் துணிச்சல் எத்தனை ஊருக்கு வரும்!

உரிதலுக்குப் பனியே காரணம் என்பாரும் உளர். இவர்கள் பெரும்பாலும் ரொறன்ரோவிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்கள். அங்கே அவர்கள் வீட்டுப் பின்வளவுத் தளமும் உரிகிறது. ஆகவே எங்கும் அதே கதை என்பது அவர்கள் துணிபு. அங்கத்தைய கதை உண்மைதான். தளத்தின் நுண்துளைகளில் தண்ணீர் புகுந்து உறைகிறது. உறையும் தண்ணீர் 9 வீதம் பருக்கும். இடம் போதாமல் மேல்தோலைத் தள்ளும். வெயிலில் இளகி இரவில் மறுபடி உறையும். போதாததற்கு, கால் வழுக்கக் கூடாதென்று வீட்டுக்காரரே மேலே உப்பைத் தூவுகிறார். உப்புப் பட்ட தளம் இன்னும் வேகமாகச் செதில் செதிலாகக் கழன்றுபோகும். 1930-களில் அமெரிக்கர் இதற்கொரு வழி கண்டார்கள்: கலவைக்குள் கண்ணுக்குத் தெரியாத காற்றுக் குமிழிகளை விட்டுவைத்தால், உறையும் நீர் ஒதுங்க அவை இடம் கொடுக்கும். அருமையான கொள்கை. ஆனால் இலங்கையில் உறைபனி பார்க்க வேண்டுமானால் ஜனவரி விடியலில் நுவரெலியாப் புல்வெளிக்குப் போக வேண்டும். கற்பிட்டி முற்றத்தில் விழும் பனிக்கட்டி மீன் பெட்டியிலிருந்து விழுவது.

என்றாலும் பனிக் கொள்கையை முழுதாகத் தள்ளுதற்கில்லை. என்னை? அதற்குள் உப்பு இருக்கிறது. காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 வீதத்தைத் தாண்டினால் கறியுப்பு ஈரத்தை இழுத்துத் தானே கரையும். அதற்குக் கீழே இறங்கினால் மறுபடி பளிங்காகும். கரையோர இரவில் கரைகிறது, மத்தியான வெயிலில் பளிங்காகிறது. துளைக்குள் பளிங்கு வளரும்போது, பனிக்கட்டி செய்த அதே வேலையைச் செய்கிறது. ரொறன்ரோவில் குளிர்காலத்தில் மட்டும் நடப்பது நமக்கு வருடம் முழுவதும் நடக்கிறது. கம்பளிச் சட்டை மட்டும் தேவையில்லை. உப்பு வரும் வழிகளும் பல. கடற்காற்று கொண்டுவரும். கலவைக்கு ஊற்றிய சவர்த் தண்ணீர் கொண்டுவரும். தெதுறு ஓயா மணலுக்குக் காசு போதாமல் கரையிலிருந்து அள்ளிய கழுவாத மணல் கொண்டுவரும். தளத்துக்கு அடியில் பொலித்தீன் விரிக்காவிட்டால் நிலத்தடி ஈரமும் அதை மேலே ஏற்றும். இவை எல்லாவற்றுக்கும் மேலாகக் கருவாடு. கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு. மீன் ஊறிய தண்ணீரில் அதைப்போலப் பல மடங்கு. அதை நாமே கொண்டுவந்து சொட்டுச் சொட்டாகத் தளத்துக்கு ஊட்டுகிறோம். ரொறன்ரோக்காரர் உப்புத் தூவுவதைப் பார்த்துச் சிரிக்க நமக்கு உரிமையில்லை.

இவ்வளவில் உப்பைக் குற்றவாளி என்று தீர்த்துவிடலாமே எனின், அற்றன்று. ஒரே தெருவில், ஒரே காற்றில், ஒரு வீட்டு முற்றம் உரிகிறது, அடுத்த வீட்டு முற்றம் பல வருடமாக அசையாமல் கிடக்கிறது. உப்பு ஆள் பார்த்து அரிப்பதில்லை. வேறுபாட்டைத் தேடிய யாம் கண்டது கலண்டர்.

குளிர்நாட்டில் வெப்பநிலை 5 பாகைக்குக் கீழே போனால், தக்க காப்பில்லாமல் கொங்கிரீட் போடக் கூடாது என்பது விதி. அதனால் முற்ற வேலை கோடைக்கு ஒதுங்கிவிடுகிறது; பனியே தவணை வைக்கிறது. நமக்குப் பனி இல்லை. எந்த நாளும் நல்ல நாள் என்ற எண்ணம் வந்துவிட்டது. ஆகவே பந்தல்காரர் தவணை வைக்கிறார். கலியாணம், சடங்கு, உடப்புத் திரௌபதை அம்மன் கோவில் ஆடித் திருவிழா, தலவில அன்னம்மாள் கோவிலின் ஓகஸ்ட் திருநாள், ஏதோ ஒன்றுக்கு ஆட்கள் வருகிறார்கள் என்றதும்தான் முற்றம் கண்ணில் படுகிறது. அப்போது வீட்டுக்காரிக்கும் ‘பாஸ்’ எனப்படும் மேசனுக்கும் இடையே நிகழும் உரையாடல் எவ்வூரிலும் ஏறக்குறைய ஒன்றே:

“வெள்ளிக்கிழமை பந்தல் போட வாராங்க பாஸ். அதுக்குள்ள முடிச்சிரணும்.”

“முடிச்சிரலாம் அக்கா. சீமெந்தக் கொஞ்சம் கூடப் போட்டாச் சரி.”

சரியாகாது. சீமெந்து கூடினால் பூச்சு கூடுதலாகச் சுருங்கும், சுருங்கினால் வெடிக்கும். சீமெந்து காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரோடு சேர்ந்து இறுகுகிறது. மேற்பரப்பை ஏழு நாளாவது ஈரமாக வைத்திருக்க வேண்டும். மூன்றாம் நாள் பந்தல்கால் ஊன்றும் வீட்டில் அது நடக்குமா? அத்தோடு ஆடியும் ஓகஸ்டும் எந்தக் காலம் என்று பாருங்கள். பட்டத்தில் தொங்கிக் கடலில் சறுக்க வெள்ளைக்காரர் கற்பிட்டிக்குத் தேடி வரும் தென்மேற்குக் காற்றின் காலம். அவர்களை நீருக்கு மேலே தூக்கும் காற்று, நமது பூச்சின் ஈரத்தைச் சில மணி நேரத்தில் உறிஞ்சிவிடுகிறது. வருடத்தில் பூசவே கூடாத மாதங்களைத் தேர்ந்து பூசிவிட்டுக் கடலைத் திட்டுவது நம் வழக்கம்.

மேற்பூச்சு முறையில் இரு மரபுகள். பழையதன் மேலேயே பூசுவது ஒன்று. இது குளிக்காமல் பவுடர் போடுவது, இரண்டாம் திருவிழாவுக்குள் வெளுத்துவிடும். மற்றையது தட்டிப் பார்ப்பது. சுத்தியலால் தளம் முழுதும் தட்ட வேண்டும். பொள்ளென்று ஒலிக்கும் இடமெல்லாம் செத்த இடம், கொத்தி எடுக்க வேண்டும். மிஞ்சிய பரப்பையும் கொத்திச் சொரசொரப்பாக்கி, தூசும் மீனெண்ணெயும் போக நல்ல தண்ணீரில் பலமுறை கழுவ வேண்டும். முதல்நாள் இரவே நனைத்துவிட்டு, பூசும் நேரத்தில் தளம் ஈரமாக இருக்க வேண்டும், தண்ணீர் தேங்கி நிற்கக் கூடாது. சீமெந்துப் பாலைத் தூரிகையால் தேய்த்து, அது காயும் முன்பே ஒன்றுக்கு மூன்று கலவையை இழுக்க வேண்டும். மினுமினுப்புக்காக மேலே வெறும் சீமெந்துத் தூளைத் தூவிக் கரண்டியால் தேய்ப்பதைப் பாஸ்மார் கலையென்பர். முதலில் உரியும் தோல் பெரும்பாலும் அந்தக் கலைதான். கடைசியில் ஈரச்சாக்கு. தோல் மட்டும் போன தளத்துக்குக் கடையில் விற்கும் ஒட்டுப்பசைக் கலவைகள் சில மில்லிமீற்றர் தடிப்பிலேயே போதும். அவற்றுக்கும் கழுவுதலில் சலுகை கிடையாது.

மாபிள் பதித்துவிட்டால் ஆயிற்று என்போர்க்கு: மீன்தண்ணீர் பட்ட மாபிளில் மாமனார் வழுக்கி விழுவது வேறு துறை.

தீர்ப்பு இது. உப்பு உடந்தை, முதற்குற்றவாளி அழைப்பிதழ். மார்ச்சுக் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை காற்று அடங்கிய நாட்களே பூச்சுக்கு உகந்தவை. இடையில் புதுவருடம் வரும், ஆட்களும் வருவார்கள், அவர்களைப் பின்வாசலால் கூப்பிட்டுக்கொள்ளலாம். வாசகர் அச்சகத்துக்குப் போகும் முன்பே பாஸைக் கூப்பிடுக. ஏழு நாள் சாக்கை எடுக்காதிருக்க. கருவாட்டைத் தளத்தில் போடாமல் பரண் கட்டிக் காயவைக்க. மண் ஒட்டாது, விலையும் கூடக் கிடைக்கும்.